கடுகுத் தண்ணீர்

கிறிஸ்டோபர் தன் மனைவியின் கல்லறை மேட்டில் கடுகுத் தண்ணீர் ஊற்றினான் என்ற சேதி, அவன் வாளியைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் முசரவாக்கம் முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. மறுநாள் காலை பஸ் ஏறிப் பெரிய காஞ்சிபுரம் போனது. அங்கே ஒரு பட்டுக்கடையின் மாடியில், கடை ஆட்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்துக்கொண்டிருந்த அவன் மாமியார் சம்பூர்ணத்தின் காதில் விழுந்தது.

பார்த்தவர் அந்தோணி. ஊர்க் கோயிலில் மணியடித்து, மெழுகுவத்தி ஏற்றி, கல்லறைத் தோட்டத்தின் கேட்டைத் திறந்து பூட்டுகிறவர். கல்லறைத் திருநாள் நெருங்கிவிட்டது. எங்கெங்கே புல் செதுக்க வேண்டும் என்று பார்க்க வந்திருந்தார். பிரவீனாவின் மேட்டருகே கிறிஸ்டோபர் குந்தியிருந்தான். பக்கத்தில் மஞ்சளாகக் கலங்கிய தண்ணீரோடு ஒரு வாளி. காற்றில் கடுகு நெடி. அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டார்.

அந்தப் பக்கத்தில் கடுகுக்கு ஒரு பழைய வேலை உண்டு. இளவயதில் செத்துப்போனவளைப் புதைத்துவிட்டுத் திரும்பும்போது வழியெல்லாம் கடுகு இறைத்துக்கொண்டு வருவார்கள். அவள் வீட்டுக்கு வரப் பார்ப்பாளாம். ஒவ்வொரு கடுகாகப் பொறுக்கி எண்ணிய பிறகுதான் அடுத்த அடி வைக்க முடியுமாம். பெண்டாட்டியை இழந்தவன் மறுபடி கட்டிக்கொள்ளப் போகிறான் என்றால், குழிமேட்டிலேயே கடுகைப் போட்டு அவளை அங்கேயே நிறுத்திவிடுவதும் உண்டு. எல்லாம் பாட்டன் காலத்திலேயே ஞானஸ்நானம் வாங்கிய குடும்பங்கள்தான். சாமி மாறியது. கடுகு மாறவில்லை.

கிறிஸ்டோபருக்கும் இது தெரியும். ஊற்றும்போது நினைவுக்கு வரவில்லை. அவனுக்குக் கடுகு என்றால் மண்புழு.

எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்துவிட்டு ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் அவனுக்கு வேலை. கடுகு மாவு கரைத்த தண்ணீரை மண்ணில் ஊற்றினால் எரிச்சல் தாங்காமல் மண்புழுக்கள் மேலே வந்துவிடும். தோண்ட வேண்டாம். மண்வெட்டி பட்டு எதுவும் வெட்டுப்படாது. ஓரிடத்தில் புழு இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அது ஒரு வழி. கல்லறை மேட்டைத் தோண்ட முடியாது என்பதால் அன்றைக்கு அதுதான் வழி.

பிரவீனா இருந்தபோது, அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் கையைப் பிடித்து மோந்து பார்ப்பாள். "ஊறுகா கம்பெனி ஓனர் வந்துட்டாரு" என்பாள். அம்மா சமைக்கிற அதே பட்டுக்கடையில் கீழே புடவை விரித்துக் காட்டும் வேலை அவளுக்கு. போன மழைக்காலத்தில் டெங்கு வந்தது. ஒரு வாரம்கூட இழுக்கவில்லை.

அன்றிலிருந்து கிறிஸ்டோபர் எல்லாவற்றையும் செய்தான். சாப்பிட்டான். வேலைக்குப் போனான். யாராவது சிரித்தால் சிரித்தான். அழுகை மட்டும் வரவில்லை. வரும் வரும் என்று சுற்றியிருந்தவர்கள் காத்திருந்து சலித்துப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து சம்பூர்ணம் வருவாள். அடுப்பைப் பற்றவைத்து எதையாவது செய்வாள். செய்துகொண்டே மகளைப் பற்றிப் பேசுவாள். இரண்டாவது படிக்கும்போது சிலேட்டைத் தின்றது, திருவிழாவில் காணாமல் போய் வளையல் கடைக்காரன் மடியில் தூங்கியது. கிறிஸ்டோபர் கேட்டுக்கொண்டிருப்பான். வாரத்தில் அந்த ஒரு வேளைதான் பிரவீனா என்ற பெயரை யாரோ சத்தமாகச் சொன்னார்கள். மற்றவர்கள் அவன் எதிரில் அந்தப் பெயரைக் கவனமாகத் தவிர்த்தார்கள்.

இதற்கிடையில் அவன் அக்கா எஸ்தர் அரக்கோணத்தில் ஒரு பெண் பார்த்துவிட்டு போட்டோ அனுப்பியிருந்தாள். அவன் திறந்து பார்க்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எதையாவது சொல்ல வேண்டுமானால் உள்ளே ஒரு பதில் இருக்க வேண்டும். பதில் இல்லை. எஸ்தர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நாலு பேரிடம் சொல்லி வைத்திருந்தாள்.

கடுகுக்கு முன்னால் நடந்தது இவ்வளவுதான். பிரவீனாவைப் புதைத்த இடம் தோட்டத்தின் தாழ்ந்த மூலை. அடக்கம் முடிந்த மறுநாளே மழை பிடித்துக்கொண்டு மேட்டைக் கரைத்தது. கிறிஸ்டோபர் ஆய்வகத்தில் மிஞ்சிக் கிடந்த ஒரு சுருள் கறுப்பு ஷீட்டை எடுத்து வந்தான். களை முளைக்காமலிருக்கத் தோட்டங்களில் பரப்புகிற ஷீட். ஆனால் சாதாரண பிளாஸ்டிக் இல்லை. மக்காச்சோள மாவிலிருந்து செய்தது. மண்ணோடு மண்ணாகிவிடும் என்று அட்டையில் பச்சை எழுத்தில் போட்டிருந்தது. பிறகு எடுக்கவும் தேவையில்லை. அவள் மேல் பிளாஸ்டிக் கிடக்காது. கொட்டுகிற மழையில் ஒரு முனையை அவன் பிடித்தான், மறுமுனையைச் சம்பூர்ணம் பிடித்தாள். ஓரங்களில் மண்ணைத் தள்ளி மூடினார்கள். அந்த மழைக்காலம் முழுக்க மேடு கரையவில்லை.

அதே ஷீட்டைத் துண்டு துண்டாக்கி மண்ணில் கலந்து, தொட்டிகளில் புழு விட்டுப் பார்ப்பதுதான் இந்த வருஷம் ஆய்வகத்தில் வேலை. புழுக்கள் சாகவில்லை. அதனால் முதலில் எல்லோருக்கும் திருப்தி. பிறகு எடை போட்டுப் பார்த்தால் இளைத்திருந்தன. மண்ணைச் சலித்துப் பார்த்தால் முட்டைக்கூடுகள் குறைவு. ஒரு தட்டில் பாதி நல்ல மண்ணும் பாதி ஷீட் கலந்த மண்ணும் போட்டு நடுவில் விட்டால், காலையில் எல்லாம் நல்ல மண் பக்கம் போய் ஒடுங்கியிருந்தன.

ஆய்வுக்குப் பொறுப்பான ஸ்ரீவல்லி மேடம் தட்டைப் பார்த்துக்கொண்டே, "சோளத்துல பண்ணினதுன்னா புழுவுக்கு சாப்பாடுன்னு நாம நெனச்சுட்டோம், கிறிஸ்டோபர். புழு அப்படி நெனைக்கலை" என்றார்.

அவன் சரி மேடம் என்றான். அன்று சாயங்காலம் வண்டி வீட்டுக்குப் போகாமல் கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. முதல் மழை பெய்து ஓய்ந்திருந்தது. மற்ற மேடுகளிலெல்லாம் இடியாப்பம் பிழிந்ததுபோல் சின்னச் சின்ன மண்சுருள்கள். புழு மேலே தள்ளியவை. பிரவீனாவின் மேடு மட்டும் வழவழவென்று இறுகிக் கிடந்தது. மறுநாள் வாளியோடு வந்தான். ஊற்றினான். காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் அந்தோணி பார்த்தார்.

சேதி காதில் விழுந்த அன்று மத்தியானமே சம்பூர்ணம் முசரவாக்கம் வந்துவிட்டாள். சமைத்த கையோடு வந்திருந்தாள். முந்தானையில் மஞ்சள் கறை. வாசலில் நின்றாள்.

"உள்ள வாங்க அத்தை."

"வரல. நீ வெளிய வா."

கல்யாணமான நாளிலிருந்து அவனை வாங்க போங்க என்றுதான் பேசுவாள். கிறிஸ்டோபர் செருப்பில்லாமல் வெளியே வந்தான்.

"கடுகு போட்டியா?"

"தண்ணில கரைச்சி ஊத்துனேன்."

"ஒத்துக்கறியே!" அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "இல்லன்னு சொல்லுவன்னு நெனச்சிக்கினு வந்தேன்பா. பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் அதான். அந்தோணிக்கு ஒரு கண்ணுல பொறை, வேற இன்னாத்தையோ பாத்துட்டு ஒளறிக்கினு கெடக்குதுன்னு..."

"அது புழுவுக்கு அத்தை."

"எந்தப் புழுவுக்கு? எம்பொண்ண தின்ன புழுவுக்கா?"

எதிர்வீட்டுப் பெண் துவைத்த துணியைக் கொடியில் போடுவதுபோல் அதே துணியைத் திரும்பத் திரும்ப உதறிக்கொண்டிருந்தாள்.

"அரக்கோணத்துக்காரி கேட்டாளா? மொத பொண்டாட்டிய கட்டிப்போட்டுட்டு வா, அப்பதான் கழுத்த நீட்டுவேன்னு?"

"அப்டியெல்லாம் இல்ல."

"பின்ன எப்டி? சொல்லேன். வாய்ல இன்னா, கொழுக்கட்டையா?"

மண்புழுவைப் பற்றி அவன் பக்கம் பக்கமாக எழுதுவான். எல்லாம் ஆங்கிலத்தில். இவளுக்குச் சொல்ல ஒரு வரி வரவில்லை. இன்றைக்கு இவள் இப்படியே திரும்பிப் போனால் அடுத்த ஞாயிறு வர மாட்டாள் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அதற்கடுத்த ஞாயிறும் வர மாட்டாள். இந்த ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவனுக்குப் பயமாக இருந்தது.

"வாங்க. காட்டறேன்" என்றான்.

வாளி, கடுகு மாவு டப்பா, ஒரு குடம் நல்ல தண்ணீர், அடியில்லாத தகர வளையம் ஒன்று, புழுவை எடுக்க ஒரு சிமிட்டா. எல்லாவற்றையும் வண்டியில் மாட்டினான். சம்பூர்ணம் வண்டியில் ஏறவில்லை. அவள் முன்னால் நடந்தாள். அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனான். கேட்டில் அந்தோணி உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரையும் பார்த்தார், டப்பாவையும் பார்த்தார். எழுந்து வழிவிட்டார்.

உள்ளே போய் அவன் மாவைக் கரைத்தான். நெடி மூக்கில் ஏறியது.

"யாரு மேல ஊத்தப் போற?" என்றாள் சம்பூர்ணம்.

"யார் மேலயும் இல்ல. நடக்கற வழியில ஊத்திக் காட்டறேன். எப்டி வருதுன்னு பாருங்க."

"வழில ஊத்துனா அதுக்கொரு கதை கட்டுவானுங்க." சுற்றிலும் பார்த்தாள். "உங்க மாமா மேல ஊத்து."

அவள் புருஷன் ராமராஜன் கொஞ்சம் மேட்டில், புல்லுக்கடியில் கிடந்தார். மரச் சிலுவை ஒருபக்கம் சாய்ந்திருந்தது.

"மாமா மேலயா?"

"ஊத்துன்றேன். பழைய சோத்துக்கு ஊறுகா இல்லன்னா தட்ட தூக்கி அடிக்கற மனுசன். ஊத்து, சந்தோசப்படுவாரு."

அவன் தகர வளையத்தைப் புல்லோடு சேர்த்து மண்ணில் அழுத்தினான். உள்ளே மெதுவாக ஊற்றினான். தண்ணீர் நுரைத்து இறங்கியது. சம்பூர்ணம் இடுப்பில் கைவைத்து நின்றாள். வளையத்தின் ஓரத்தில் மண் அசைந்தது. ஒரு தலை வந்தது. வெளிறிய சிவப்பு. தயங்கி, நீண்டு, வெளியே விழுந்து நெளிந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு மூன்று நான்காகச் சேர்ந்து வந்தன.

"யப்பா!" சம்பூர்ணம் குந்திவிட்டாள். "வந்துக்கினே இருக்குதே! இருந்த வரைக்கும் ஒரு மனுசன வூட்டுக்கு இட்டாந்து ஒரு டம்ளர் தண்ணி குடுத்ததில்ல. இப்ப பாரு, கல்யாணக் கூட்டம்."

கிறிஸ்டோபர் ஒவ்வொன்றாகச் சிமிட்டாவில் எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, ஈரப் புல்லில் விட்டான்.

"அது எதுக்குக் கழுவற?"

"கழுவலன்னா தோலு எரியும். பாவம்."

அவள் அவன் கையைப் பார்த்தாள். அப்புறம் முகத்தைப் பார்த்தாள்.

"இப்ப அவ மேல ஊத்து" என்றாள்.

"நேத்தே பாத்துட்டேன் அத்தை."

"நான் பாக்கல."

பிரவீனாவின் மேட்டுக்குப் போனார்கள். வளையம் இறங்க மறுத்தது; குதிகாலால் மிதிக்க வேண்டும், அவள் மேல் காலை வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. இரண்டு கையையும் வைத்து உடம்பைச் சாய்த்து அழுத்தினான். ஊற்றினான். தண்ணீர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. நுரை மண்ணில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு குமிழாக உடைந்தது.

காத்திருந்தார்கள். சாலையில் கல்லூரி பஸ் ஒன்று போயிற்று.

"இன்னும் கொஞ்சம் ஊத்து."

ஊற்றினான்.

சம்பூர்ணம் முகத்தை மண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். நெடியில் கண் எரிந்து தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. நிமிராமலேயே கேட்டாள்.

"அப்ப எம்பொண்ணு மட்டும் ஒண்டியாவா கெடக்குறா?"

கிறிஸ்டோபர் விரலால் மேல் மண்ணைக் கீறினான். நகத்தளவு கறுப்புத் துண்டு ஒன்று வந்தது. அதற்கடியில் இன்னொன்று. உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

"அந்த ஷீட்டா? நம்ப போட்டதா?"

"ம்."

"மக்கிப்பூடும்னு சொன்னியே."

"அப்டிதான் போட்டிருந்துது. மக்கும். பெரிய உரக் கெடங்குல நல்லா சூடேத்தி வெச்சா சீக்கிரம் மக்கும். இங்க சும்மா மண்ணுல துண்டு துண்டாதான் ஆவுது. சோளந்தான்னு நெனச்சேன். புழுவுக்கு ஒத்துக்கல."

"இதாலதான்னு நிச்சயமா தெரியுமா?"

"நிச்சயமா தெரியாது. பள்ளத்துல தண்ணி நின்னதாலயும் இருக்கலாம். ஒரே ஒரு மேட்ட வெச்சி சொல்ல முடியாது."

"நீ இன்னா நெனைக்கற?"

"ஷீட்டுன்னுதான் நெனைக்கறேன்."

சம்பூர்ணம் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். மழையில் முனையைப் பிடித்திருந்த கை. பிறகு விருட்டென்று எழுந்து புருஷனின் மேட்டுக்குப் போனாள். புல்லில் நெளிந்துகொண்டிருந்த புழுக்களில் ஐந்தாறை உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு வந்தாள். கடுகு படாத பக்கமாகப் பார்த்து மகளின் மேட்டில் மெதுவாக விட்டாள்.

"நிக்காது அத்தை."

"நிக்கும். ஈரமாத்தான இருக்குது."

"ஆய்வகத்துல பாத்திருக்கேன். போயிடும்."

"சும்மா இருப்பா. அப்பன் வூட்லந்து வந்திருக்குது. கொஞ்சம் கூச்சப்படும்."

புழுக்களில் ஒன்று தலையால் மண்ணைத் தொட்டது. நின்றது. வேறோர் இடத்தில் தொட்டது. அங்கும் நுழையவில்லை. உடம்பைச் சுருக்கித் திரும்பி, மேட்டின் சரிவில் இறங்க ஆரம்பித்தது. மற்றவையும் ஒவ்வொன்றாக இறங்கின. சம்பூர்ணம் ஒன்றை எடுத்து மறுபடி மேலே விட்டாள். அதுவும் இறங்கியது. மூன்றாவது தடவை அவள் எடுக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவை போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் அந்தோணி வந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"சம்பூர்ணம், திருநாளுக்கு சாமியாரு கல்லறைங்கள மந்திரிக்க வருவாரு. இந்த மாதிரி வேலையெல்லாம் இங்க நடக்குதுன்னு தெரிஞ்சா..."

"இன்னா வேலை?"

"அதான்... கடுகு."

"எம் மாப்ள புழு புடிக்கிறாரு. படிச்சவரு, அதான் அவுரு உத்தியோகம். உனக்கு வேணும்னா சொல்லு, உங்கம்மா மேலயும் ஒரு வாளி ஊத்தி எவ்ளோ இருக்குதுன்னு பாத்துச் சொல்வாரு."

"ஐயய்யோ, எங்கம்மாவ விடு தாயே." அந்தோணி பின்வாங்கினார். கேட் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

கிறிஸ்டோபர் தலையைக் குனிந்துகொண்டான். மார்பில் ஏதோ தளர்ந்தது. அழுகை என்று நினைத்தான். இல்லை, வெறும் மூச்சுதான்.

சம்பூர்ணம் மேட்டோரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரலால் மண்ணைக் கிளறிக் கறுப்புத் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள். அரிசியில் கல் பொறுக்குகிற வேகம். அவன் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தான்.

"அரக்கோணத்துப் பொண்ணு எப்டி?" என்றாள் திடீரென்று.

"போட்டோ பாக்கல."

"ஏன்?"

"தெரியல அத்தை."

"பாக்காமலே வெச்சிருக்கறது அந்தப் பொண்ணுக்கும் பாவம். வேணும்னா வேணும்னு சொல்லு, வேணான்னா வேணான்னு சொல்லு." ஒரு துண்டைப் பிய்த்து எடுத்தாள். "போவணும்னு ஆயிடுச்சின்னா போப்பா. கடுகெல்லாம் வேணாம். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. அவகிட்ட நான் சொல்லிக்கறேன்."

அவன் அடுத்த துண்டைப் பொறுக்கினான். முந்தானையில் கறுப்பாக ஒரு கைப்பிடி சேர்ந்திருந்தது. மேட்டில் கையகல இடம்தான் சுத்தமாகியிருந்தது.

வெயில் இறங்கியதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ராவுக்குக் கடையில மாவரைக்கணும். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி நேரா இங்க வந்துடறேன். மண்ணு சலிக்கறதுக்கு இன்னா வேணும்?"

"சல்லடை ஆய்வகத்துலந்து எடுத்தாறேன்."

"சோறு நான் எடுத்தாறேன். இங்கியே தின்னலாம்." முந்தானையிலிருந்ததை அவன் வாளியில் உதறினாள். "இத எங்க போடுவ?"

அவன் யோசித்தான். எங்கே போட்டாலும் அங்கே மண் இருக்கும்.

"எங்கிட்டயே இருக்கட்டும்" என்றான்.

பஸ் நிறுத்தம் வரை வண்டியில் கொண்டுபோய் விட்டான். இந்தத் தடவை ஏறிக்கொண்டாள். பஸ் வந்தது. படியில் நின்று, "சாப்புடு மாப்ள" என்றாள். பஸ் போனது.

அவன் தோட்டத்துக்குத் திரும்பி வந்தான். அந்தோணி கேட்டைப் பூட்டியிருக்கவில்லை. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. ராமராஜனின் மேட்டில் புழுக்கள் எல்லாம் உள்ளே போய்விட்டிருந்தன. புல் மட்டும் ஈரமாக நின்றது. கிறிஸ்டோபர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவளிடம் ஏதாவது சொல்லலாம் என்று தோன்றியது. மண்ணில் விரலை விட்டான். துண்டுகள் இன்னும் இருந்தன.